வேறு ஊராக நடித்த மலைகள்

ஒரே பள்ளத்தாக்கு மூன்று நாடுகளில் கிடக்கிறது. அதற்குக் குறுக்கே ஆடும் கயிற்றுப் பாலமும் அடிவயிற்றைக் கலக்கும் ஆழமும் கண்டிக்குக் கிழக்கே, விக்டோரியா அணை எழும்பிக்கொண்டிருந்த வேலைத்தளத்துக்கு அருகே. பாலம் அறுந்த பின்னர் ஆட்கள் தொற்றி ஏறும் பாறைச்சுவர் இங்கிலாந்தில், எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோ வளாகத்தில். ஆற்றில் வாய் பிளந்து காத்திருக்கும் முதலைகள் அமெரிக்காவில், புளோரிடாவில். மூன்றையும் வெட்டி ஒட்டியபோது 1935ஆம் ஆண்டின் வட இந்தியா ஒன்று பிறந்தது. 1984இல் வெளியான ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அது தையல் தெரியாத ஒற்றை நிலம். இங்கே கண்டிப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு மட்டும் அதில் ஒரு துண்டு சொந்த ஊர்.

படத்தை இந்தியாவில் எடுக்கத்தான் முதலில் எண்ணினார்கள். இந்திய அரசு திரைக்கதையைப் படித்துவிட்டு மாற்றங்கள் கேட்டது. தயாரிப்பாளர்கள் இணங்கவில்லை. 1983 ஏப்ரலில் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் குழு கண்டியில் படப்பிடிப்பைத் தொடங்கியது. ஹந்தானை மலைப்பக்கத்தில், தேயிலைக்காணியின் நடுவே, மழையற்று வறண்டுபோன ஓர் இந்தியக் கிராமம் எழுந்தது. இந்த மலையில் நீருக்கு ஒருபோதும் பஞ்சமில்லை என்பது இங்குள்ள குழந்தைக்கும் தெரியும். கிராமத்துக்கு அப்பால் வரும் அரண்மனையோ தூரிகையால் தீட்டப்பட்டுக் காட்சியில் ஒட்டப்பட்டது. அணை வேலையில் இருந்த பிரித்தானிய நிறுவனமான பெல்ஃபோர் பீற்றியின் பொறியியலாளர்கள் உருக்கு வடங்களைக் கொண்டு பாலத்தைக் கட்டிக்கொடுத்தார்கள். உள்ளூர் ஏற்பாடுகளைக் கவனித்தவர்களில் சந்திரன் இரத்தினமும் ஒருவர். பின்னாளில் அவரே இயக்குநராக அறியப்பட்டார்.

அந்தக் கிராமத்தின் மக்கள் பேசுவது சிங்களம். உலகம் அதை ஏதோ ஓர் இந்திய மொழி என்று கேட்டுக்கொண்டது. ஊர்ப் பூசாரியாக வரும் டி. ஆர். நாணயக்கார சிங்களத் திரையில் பெரிய பெயர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்கு அப்பால் நின்று ஸ்பீல்பேர்க் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அதே ஏற்ற இறக்கத்தோடு அவர் திருப்பிச் சொன்னார். அவருடைய பேச்சில் ஊறியிருக்கும் அந்தத் தயக்கமும் இடைவெளியும் பார்வையாளருக்குத் தொன்மையான ஞானத்தின் கனமாகப் பட்டன. ஒரு முதிய கலைஞன் அடுத்த சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற கணங்கள் அவை. அந்தக் காட்சியில் எனக்கு இன்றும் மரியாதை தருவது அதுதான்: பொருள் தெரியாத ஒலியை உடம்பின் நேர்மையால் நம்ப வைத்தார்.

இந்தியாவைத் தாங்கி நிற்பது இந்தப் பக்கத்து மலைகளுக்குப் புதிதுமல்ல. 1893இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோவின் ஆணைப்படி கண்டியை அடுத்த அம்பிட்டியவில் ஒரு குருமடம் தொடங்கியது. இந்தியத் திருச்சபைக்கு உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதே அதன் நோக்கம். கண்டியில் தங்கியிருந்த பாப்பரசரின் பிரதிநிதி, போலந்துக்காரரான லடிஸ்லாஸ் சலெஸ்கி அதை முன்னின்று எழுப்பினார். இயேசு சபையினர் நடத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் இன்னும் வடக்கேயிருந்தும் இளைஞர்கள் கடல் கடந்து வந்து, இந்தச் சரிவில் இலத்தீன் மொழியில் தத்துவமும் இறையியலும் படித்துத் திரும்பினார்கள். 1955இல் அந்தக் குருமடம் புனேக்கு மாறியது. இங்கே எஞ்சிய கட்டடம் இன்று இலங்கையின் தேசியக் குருமடம். ரோமாபுரியின் வரைபடத்தில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்தியாவின் ஒரு பகுதி அம்பிட்டியவில் இருந்தது. அந்த இந்தியா இரத்தமும் சதையுமாக வந்து வாழ்ந்து போனது. ஹந்தானைக்கு வந்த இந்தியா ஒளியால் ஆனது.

கேளிக்கைக்காக ஓர் இடத்தை, ஓர் ஓட்டத்தை, ஓர் ஆபத்தை மெய்போல உண்டாக்கிக் காட்டும் தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இயந்திரங்களை வரிசைப்படுத்துவார்கள். வட்டச்சுவர் ஓவியம், ஆடும் பெட்டி, விமானச் சிமியுலேட்டர், கணினி, தலையில் மாட்டும் திரை. ஒவ்வொன்றும் முந்தியதைவிட மெய்க்கு ஓர் அங்குலம் நெருக்கம் என்று கதை போகும். அந்தக் கதை பொய்யல்ல. ஆனால் அது கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பவர் சொல்லும் கதை. பார்க்கப்படும் இடத்தில் இருந்து சொன்னால் கேள்விகள் மாறும். எந்த மண் எந்த மண்ணாக நடித்தது? யாருடைய உடம்பு ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டது? சட்டகத்துக்கு வெளியே யார் விடப்பட்டார்கள்?

தென்னிந்தியாவின் முதல் பெரிய பாவனைக் காட்சிகளில் ஒன்று லண்டனில் நடந்தது. திப்பு சுல்தான் வீழ்ந்து ஓராண்டு நிறையும் வேளை, 1800இல், ரொபேர்ட் கேர் போர்ட்டர் என்ற இருபத்து மூன்று வயது ஓவியர் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையைச் சுமார் 120 அடி நீளத் திரையில் தீட்டி லைசியம் அரங்கில் வைத்தார். அரைவட்டமாக வளைந்த அந்தச் சீலைக்கு முன்னால் நின்ற லண்டன்வாசிகள் தாமே கோட்டைச்சுவரில் ஏறுவதாக உணர்ந்து மெய்சிலிர்த்தார்கள். ஓவியர் அந்த ஊரைப் பார்த்தவரல்ல. வென்றவர்களின் வாய்மொழியும் வரைபடங்களும் அவருக்குப் போதுமாக இருந்தன. 1880களில் ஹம்பர்க்கின் மிருக வியாபாரி கார்ல் ஹாகன்பெக் இன்னும் ஒரு படி மேலே போனார். இலங்கையிலிருந்து மனிதர்களையும் யானைகளையும் கொண்டுபோய் ஐரோப்பிய நகரங்களின் மிருகக்காட்சித் தோட்டங்களில் இலங்கைக் கிராமத்தை அமைத்தார். கண்டிப் பெரஹெராவின் சாயலில் ஊர்வலமும் விட்டார். வேலி போட்ட புல்தரையில், நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் முன்னால், மனிதர்கள் தங்கள் வாழ்க்கையையே நடித்துக் காட்டினார்கள். தெஹிவளை மிருகக்காட்சிசாலையின் தொடக்கமும் அந்தக் குடும்பத்தின் ஜோன் ஹாகன்பெக் வைத்திருந்த மிருகங்கள்தான்.

இயந்திரங்களையும் ஒதுக்கிவிட முடியாது. அவற்றில் மனிதக் கருணை கலந்த கதைகள் உண்டு. 1904இல் செயின்ற் லூயிஸ் கண்காட்சியில் கான்சஸ் நகரத்து முன்னாள் தீயணைப்புத் தலைவர் ஜோர்ஜ் ஹேல் ஒரு ரயில்பெட்டியை வைத்தார். பெட்டி ஆடும், சக்கரம் தடதடக்கும், முன்னால் திரையில் தண்டவாளம் விரைந்து வரும். ஊர்விட்டு ஊர் போகக் காசில்லாதவர்கள் சில சதங்களுக்கு மலைகளைக் கடந்து வந்தார்கள். இருபத்தைந்து ஆண்டு கழித்து, நியூயோர்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க் என்ற இளைஞர் தன் தந்தையின் ஓர்கன் தொழிற்சாலையிலிருந்த துருத்திகளையும் வால்வுகளையும் கொண்டு, தரையை விட்டு எழாத ஒரு குட்டி விமானத்தைச் செய்தார். ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பினால் அது சாயும், புரளும், மூக்கைத் தூக்கும். இராணுவம் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். 1934இல் தபால் விமானங்களை ஓட்டப்போன இராணுவ விமானிகள் மோசமான வானிலையில் அடுத்தடுத்து விழுந்து செத்த பின்னர்தான் இராணுவம் அவரிடமிருந்து ஆறு பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப்போர்க்காலத்தில் இலட்சக்கணக்கானோர் அதில் பயின்றார்கள்.

கேளிக்கைப் பூங்காவில் விளையாட்டாக இருந்த பெட்டி உயிர்காக்கும் கருவியானதும், 1987இல் பிரித்தானிய ரெடிஃபியூஷன் நிறுவனத்தின் விமானப் பயிற்சிச் சிமியுலேட்டரையே டிஸ்னிலாந்து தன் ‘ஸ்டார் டூர்ஸ்’ சவாரிக்கு எடுத்துக்கொண்டதும் ஒரே ஆற்றின் இரண்டு கரைகள். விழாமல் விழப் பழகுவது, சாகாமல் சாவைப் பார்த்துத் திரும்புவது. மனிதன் இதற்கு ஏங்குவதில் எந்தக் கீழ்மையும் இல்லை என்று நம்புகிறேன். பயத்தை ஒத்திகை பார்க்காத சமூகம் எது?

ஆனால் எந்தப் பயம், யாருடைய சாவு என்பதில்தான் என் மனம் நிற்கிறது. இதற்காகக் கித்துல்கலவுக்குப் போக வேண்டும்.

‘த பிரிட்ஜ் ஒன் த றிவர் க்வாய்’ படத்துக்காக டேவிட் லீன் களனி கங்கைக்குக் குறுக்கே கித்துல்கலவில் மெய்யான மரப்பாலம் ஒன்றைக் கட்டினார். 1957 மார்ச்சில், பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க உள்ளிட்ட பெரியவர்கள் பார்த்திருக்க, மெய்யான ரயிலொன்று அதன்மேல் விடப்பட்டது. கமராக் குழுவொன்றிடமிருந்து பத்திரமாக ஒதுங்கிவிட்டதற்கான சைகை வராததால் வெடியை வெடிக்கவில்லை. ரயில் பாலத்தைத் தாண்டி ஓடி அக்கரையில் மோதி நின்றது. மறுபடி எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து அடுத்த நாள் தகர்த்தார்கள். அந்தக் காலத்துப் பாவனைக்கு வேறு வழி தெரியாது: பாலம் உடைவதைக் காட்ட, பாலத்தை உடைக்க வேண்டும். படம் ஏழு ஒஸ்கார் வாங்கியது. ஆற்றில் நீர் வற்றும் நாட்களில் தூண்கள் நின்ற இடத்தின் கொங்கிரீட் அடித்தளத்தை இன்றும் பார்க்கலாம்.

களனி கங்கை அங்கே நடித்தது சயாமின் ஆறாக. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய இராணுவம் 1942க்கும் 1943க்கும் இடையில் போட்ட 415 கிலோமீற்றர் ரயில்பாதையின் கதை அது. படத்தில் நாம் பார்ப்பது பிரித்தானியப் போர்க்கைதிகளை. அவர்களுடைய துயரம் பொய்யில்லை. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட நேசநாட்டுக் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் அந்தப் பாதையில் இறந்தார்கள். ஆனால் அதே பாதையில் ஆசியக் கூலிகள் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவின் றப்பர் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் காட்டுக்குள் விழுந்தவர்களுக்குப் பதிவேடும் இல்லை, சிலுவை நட்ட கல்லறையும் இல்லை.

படத்தில் அவர்கள் இல்லை. ஒரு மூலையில்கூட இல்லை. இது நடந்தது எங்கே என்பதை நினைத்தால் என் நெஞ்சு கனக்கிறது. கித்துல்கலவிலிருந்து மேலே ஏறும் பாதை முழுவதும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே லயங்களில் இருந்தவர்கள், மலாயாவுக்குக் கப்பலேறியவர்களின் அதே ஊர்க்காரர்கள், அதே சாதிசனம், அதே கங்காணி முறையில் வந்து சேர்ந்தவர்கள். ஒரு பகுதி கிழக்கே போய்ச் சயாம் காட்டில் செத்தது, மறுபகுதி இந்த மலைக்கு வந்து தேயிலை நட்டது. செத்தவர்களின் கதையை உலகத்துக்கு மெய்போலக் காட்டுகிறோம் என்று வந்தவர்கள், உயிரோடிருந்த உறவுகளின் கண்முன்னே ஒரு பாலத்தைக் கட்டி உடைத்துவிட்டுப் போனார்கள். மரமும் இரும்பும் வெடிமருந்தும் அத்தனையும் மெய். விடுபட்டவை பெரும்பான்மையான பிணங்கள். தமிழில் அந்தக் கடனைத் தீர்க்க மலேசியாவில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள் வர வேண்டியிருந்தது. உலகம் அறிந்த சயாம் ரயில்பாதை இன்றும் டேவிட் லீனுடையதுதான்.

துல்லியம் வேறு, உண்மை வேறு என்பதை எனக்கு உணர்த்தியது அந்தப் படம். எதிர்த்திசையிலிருந்து அதையே உணர்த்தியது எங்கள் தோட்டப்புறத்துக் கூத்து.

மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசு ஆடும்போது ஓர் உயரமான மரத்தை நடுவார்கள். அது கயிலாயம். பாசுபத அஸ்திரம் வேண்டி அருச்சுனன் தவமிருக்கப் போகும் மலை. வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே, படிப்படியாக, அந்த மரத்தில் ஏறுவார். சுற்றிலும் மலைகள். ஆறு மணிக்கே மூடுபனி இறங்கும் உண்மையான மலைகள். மலைமேல் வாழ்கிறவர்கள், மலையைக் காட்டுவதற்கு ஒரு மரத்தை நடுகிறார்கள். பார்க்கிறவர் ஒருவரும் ஏமாறவில்லை. நேற்று அந்த மரத்தை வெட்டிச் சுமந்து வந்தவர்களே இன்று கீழே நின்று கைகூப்புகிறார்கள். மேலேயிருந்து அருச்சுனன் போடும் எலுமிச்சம்பழத்துக்கும் பூவுக்கும் பிள்ளைவரம் வேண்டிய பெண்கள் முந்தானையை விரிப்பார்கள். வேடம் கட்டியவர் எந்த வீட்டுப் பிள்ளை, காலையில் எந்த மலையில் வேலை செய்தார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் விரிக்கிறார்கள்.

மாசி மாதக் காமன் கூத்திலும் இதுவே. காமனை ஊன்றி, இரதிக்கும் மதனுக்கும் மணம் முடித்து, சிவன் மதனை எரிக்கும் இரவு தப்பு அதிரும்போது இரதியின் ஒப்பாரியைக் கேட்டு முதிய பெண்கள் தங்கள் சொந்த இழவுகளை அழுது தீர்ப்பார்கள். எரிவது வைக்கோலும் குச்சியும். அழுகை மெய். இங்கே பாவனை கண்ணைக் கட்டவில்லை. ஊரார் எல்லோரும் சேர்ந்து அதற்குச் சம்மதிக்கிறார்கள். சட்டகமும் இல்லை, அதனால் அதற்கு வெளியே நிற்பவரும் இல்லை. தப்படிப்பவர், தீப்பந்தம் பிடிப்பவர், விரதமிருப்பவர், வேடம் கட்டுபவர் எல்லாரும் ஒரே இரவுக்குள் இருக்கிறார்கள். சாதி அங்கேயும் இடம் பிரித்துத்தான் நிற்க வைத்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் இறந்தவர்கள் விடுபடவில்லை. மலையக எழுத்தாளர் ஸி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தபோது அவருக்குக் கிடைத்தவற்றில், இந்தியாவை விட்டு வந்த வழியும் அந்த வழியில் பட்ட துன்பமும் ஊறிக் கிடந்தன.

ஹந்தானைக்குத் திரும்புகிறேன். ‘டெம்பிள் ஒஃப் டூம்’ வந்தபோது உடைப்பதற்கு எல்லாம் மெய்யாக இருக்க வேண்டிய காலம் பாதி கடந்திருந்தது. பாலம் மெய்யாகக் கட்டப்பட்டு ஒரே தடவையில் அறுக்கப்பட்டது. பல கமராக்கள் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தன. ஆனால் அதிலிருந்து விழுந்தவர்கள் கைகால்களை உதறும் இயந்திரப் பொம்மைகள். சுரங்கத்துக்குள் தள்ளுவண்டிகள் பறக்கும் காட்சியின் பெரும்பகுதி கலிபோர்னியாவில், ஜோர்ஜ் லூக்காஸின் விளைவுக்கூடத்தில், மேசை உயரச் சிறு மாதிரிகளில் எடுக்கப்பட்டது. கசக்கிய அலுமினியத் தகட்டுக்கு வண்ணம் பூசிப் பாறைச் சுரங்கம் செய்தார்கள். அந்தக் குறுகிய துளைக்குள் திரைப்படக் கமரா நுழையாது என்பதால், டெனிஸ் மியூரனின் குழு ஒரு நிக்கோன் நிழற்படக் கமராவையே திருத்தி, ஒவ்வொரு சட்டகமாக நகர்த்தியது. வண்டியில் இருந்தவை சின்னஞ்சிறு பொம்மைகள். ஒலிக்காக டிஸ்னிலாந்தின் ரோலர் கோஸ்டர் சத்தங்களைப் பதிவுசெய்தார்கள். அந்த வேலைக்கு 1985இல் ஒஸ்கார் கிடைத்தது. கிடைக்க வேண்டியதுதான். ஒரு சமையலறைத் தகட்டைக் கொண்டு மனித இதயத்தை வாய்க்கு வரவைத்த அந்தக் கைகளைத் தலைவணங்காமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. பாலத்திலிருந்து ஒரு கூலியும் விழவில்லை, சுரங்கத்தில் ஒரு பிள்ளையும் நசுங்கவில்லை. லிங்க்கின் பெட்டி விமானிக்குச் செய்ததை இந்தப் பொம்மைகள் துணைநடிகர்களுக்குச் செய்தன.

மே மாதத்தில் வேலை எல்ஸ்ட்ரீக்கு மாறியது. அதே மே மாதத்தில், ஹந்தானையின் அடிவாரத்திலிருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளை விட்டு ஓட வேண்டி வந்தது. ஜூலை கடைசி வாரத்தில், கறுப்பு ஜூலை என்று பின்னர் பெயர்பெற்ற தமிழர் படுகொலையின்போது, கண்டி நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தன. தோட்டப்புறத்திலிருந்து பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். 1977 கலவரத்துக்குப் பின்னர் ஏற்கெனவே அங்கே போயிருந்தவர்களின் பின்னால். இன்னும் பலர் கப்பலில் தமிழ்நாட்டுக்கு, தாங்கள் ஒருபோதும் வாழாத ‘தாய்நாட்டுக்கு’.

படத்தில் ஹந்தானைக் கிராமம் சூறையாடப்பட்ட கிராமம். அதன் வளம் பறிபோயிருக்கிறது, பிள்ளைகளைக் காணோம். வெளியிலிருந்து ஒருவன் வந்து எல்லாவற்றையும் மீட்டுத்தந்து, பிள்ளைகள் தாய்மாரிடம் ஓடிவருவதோடு படம் முடிகிறது. இதையும் ஜூலையையும் முடிச்சுப் போட்டு, ஏதோ முன்னறிவிப்பு என்று பேசுவது இறந்தவர்களுக்கு அவமானம். ஒரு சினிமாவுக்கும் ஒரு படுகொலைக்கும் அப்படி ஒரு உறவும் இல்லை. நான் சொல்வது இவ்வளவே: அந்த ஆண்டு இந்த மலையில் எரிந்ததைப் போன்ற கிராமம் ஒன்று கட்டப்பட்டது, அதை உலகமே பார்த்தது. அதே ஆண்டு மெய்யாக எரிந்ததை அந்த அளவில் யாரும் பார்க்கவில்லை. 1983 கண்டி என்றால் இணையத்தில் தேடுகிற வெளிநாட்டுப் பிள்ளைக்கு இன்று முதலில் எது வரும்?

1993 ஜூலை 30ஆம் திகதி பாரிஸ் டிஸ்னிலாந்தில் ‘இந்தியானா ஜோன்ஸ் ஏ லெ தொம்ப்பிள் டு பெரில்’ என்ற சவாரி திறக்கப்பட்டது. காட்டுக்குள் இடிந்த கோயில், அதைச் சுற்றித் தண்டவாளம், அதில் சுரங்கத் தள்ளுவண்டி வடிவப் பெட்டிகள். டிஸ்னி சவாரிகளில் மனிதரைத் தலைகீழாகச் சுழற்றிய முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். கறுப்பு ஜூலைக்குச் சரியாகப் பத்தாண்டு நிறைந்த வாரம். ரோலர் கோஸ்டரின் சத்தத்தை வாங்கிப் படம் செய்தார்கள். படத்திலிருந்து மறுபடி ரோலர் கோஸ்டர் செய்தார்கள். கண்டி அதன் நடுவில் ஒரு நிலையம். பாரிஸின் லா ஷப்பலில் கடை வைத்து, உணவகங்களில் கோப்பை கழுவி, அகதி அட்டைக்குக் காத்திருந்து குடும்பம் அமைத்த எங்கள் ஆட்களும் பிள்ளைகளை டிஸ்னிலாந்துக்குக் கூட்டிப் போகிறார்கள். அப்படிப் போய்வந்த உறவுக்காரத் தங்கை ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள்: “அண்ணே, புள்ளைங்க அதுலயே நாலு தரம் ஏறிச்சுங்க. அது நம்ம ஊருப் பக்கம் எடுத்த படம்னு சொன்னேன், நம்பவே இல்ல.” நம்ப என்ன இருக்கிறது? கதையில் இந்தியா, சவாரியில் பெயரற்ற காடு. அம்மா பிறந்த மலை அதில் எங்கும் எழுதப்படவில்லை.

நிலங்கள் இப்படி இடம்மாறி நடிப்பது பின்னரும் தொடர்ந்தது. 2000இல் வாரணாசியில் அரங்குகள் அடித்து நொறுக்கப்பட்டதால் தீபா மேத்தா தன் ‘வாட்டர்’ படத்தின் கங்கைக்கரையை இலங்கையில் கட்டினார். அது 2005இல் வெளிவந்தது. 2002இல் மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்துக்காக இலங்கைப் போர்க்களம் தென்னிந்தியாவில் உருவானது. எங்கள் மண் அவர்களுக்குக் காசி, அவர்கள் மண் எங்களுக்கு வன்னி. பாக்குநீரிணைக்குக் குறுக்கே இரண்டு கரைகளும் ஒன்றுக்கொன்று வேடம் கட்டிக்கொண்டிருந்தன. இதில் எனக்கு ஒரு நெருக்கமும் தெரிகிறது. ஒரு மண்ணை இன்னொன்றாகக் காட்ட, இரண்டுக்கும் ஒரே மழை பெய்ய வேண்டும், ஒரே மரங்கள் நிற்க வேண்டும், ஒரே முகங்கள் வேண்டும். எல்லைக்கோடு மறுத்ததைக் கமரா ஒப்புக்கொண்டது.

இனி அதற்கும் தேவை குறைந்து வருகிறது. 2017இல் வந்த ‘அன்சார்ட்டட்: த லொஸ்ட் லெகசி’ விளையாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலையும் ஹொய்சாளக் கோயில்களும் மழைக்காடும் வருகின்றன, எல்லாம் கலிபோர்னியாவின் சான்ற்டா மொனிக்காவில் கணினிக்குள் செய்தவை. இலைநுனியில் நீர் சொட்டுகிறது, சேற்றில் சக்கரம் வழுக்குகிறது. அபாரமான உழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்த மழைக்காட்டைக் கட்ட எந்த ஊராரும் மூங்கில் சுமக்கவில்லை. எந்த நாணயக்காரவும் புரியாத வரிக்காகக் காது கொடுத்து நிற்கவில்லை. ஹந்தானை தவறான பெயரிலாவது திரையில் இருந்தது. அடுத்த ஹந்தானை எந்தப் பெயரிலும் இருக்காது. மலைகளின் உருவத்தைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டால் மலையில் வாழ்கிறவர்களோடு பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடும். இதற்குத்தான் அஞ்சுகிறேன். மெய்க்கு எவ்வளவு நெருக்கம் என்ற அளவில் இந்தத் தொழில்நுட்பம் ஏறிக்கொண்டேயிருக்கிறது. மனிதர்களோடு எவ்வளவு நெருக்கம் என்ற அளவில் அது ஆண்டுக்கு ஆண்டு விலகிக்கொண்டிருக்கிறது.

இதைத் தடுத்து நிறுத்தும் வல்லமை இங்கே யாருக்கும் இல்லை. ஆனால் எழுதிவைக்கக்கூடியது இன்னும் இருக்கிறது. 1983இல் இருபது வயதாக இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். ஸ்பீல்பேர்க் உயரத்துக்கு அஞ்சியதும், நாயகன் ஹரிசன் ஃபோர்டின் முதுகு யானைச் சவாரியில் சிதைந்ததும் புத்தகங்களில் வந்துவிட்டன. இந்தப் பக்கத்து நினைவுகள் வரவில்லை. பேராதனையில் தமிழும் நாடகமும் படிக்கிற பிள்ளைகள் ஒரு கைத்தொலைபேசியோடு ஹந்தானைக்கும் விக்டோரியா அணையருகே தெல்தெனியப் பக்கத்துக்கும் ஏறிப் போனால் போதும். அரங்கு கட்டப்பட்ட காணி எந்தத் தோட்டத்தின் எந்த மலை? கூலி நாள்கணக்கா, வேலைக்கணக்கா? தோட்டத்துப் பிள்ளைகள் யாரேனும் கிராமத்துப் பிள்ளைகளாக நின்றார்களா? நின்றிருந்தால், தமிழ் பேச வேண்டாம் என்று சொன்னார்களா? படம் வந்தபோது எந்தத் தியேட்டரில் பார்த்தார்கள், பார்க்க அந்த வீட்டில் யார் யார் எஞ்சியிருந்தார்கள்?